கண்ணீர்க் கணவாய்

வத்தளையிலோ கொட்டாஞ்சேனையிலோ தமிழ்க் கத்தோலிக்கர் இல்லமொன்றில் மரணம் நிகழுமாயின், சேமக்காலைக்குப் புறப்படும் நேரம் வரையில் அயலவரும் உறவினரும் கூடியிருந்து செபமாலை சொல்லுதல் நெடுநாளைய வழக்கம். ஐம்பத்துமூன்று மணிச் செபம் முடிந்து, பிரார்த்தனையும் முடிந்தபின், 'கிருபை தயாபத்து மந்திரம்' என்று பெரியோர் பெயரிட்டழைக்கும் செபம் ஒன்று வரும். மனப்பாடமாகச் சொல்லப்படும் அச்செபத்தினிடையே இரண்டு சொற்கள் தோன்றி மறையும். 'கண்ணீர்க் கணவாய்' என்பன அவை. உலக வாழ்வையே அச்சொற்கள் குறிக்கின்றன என்பது சொல்வோர் எல்லோர்க்கும் தெரியும். ஆனால், மலைகளுக்கு இடையே செல்லும் கணவாய்க்கும் மரண வீட்டுக் கண்ணீருக்கும் என்ன தொடர்பு என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே. நீர்கொழும்பு மீன் சந்தையை நன்கறிந்த சிறுவனுக்கோ, கணவாய் என்றதும் மலை நினைவுக்கு வாராது. கறிச்சட்டியே நினைவுக்கு வரும்.

இச்சொற்றொடர் தமிழிற் பிறந்ததன்று. இலத்தீன் மொழியிலிருந்து கடல் கடந்து வந்தது. இது போலவே துயரையும் கண்ணீரையும் பற்றிய வேறு சில இலத்தீன் தொடர்களும் நம்மிடையே வந்து, சில வெளிப்படையாகவும் சில மாறுவேடம் பூண்டும் வாழ்கின்றன. அவை எங்கே பிறந்தன, யாருடைய கண்ணீரைக் குறித்தன, தமிழ்நாவில் என்னவாயின என்பனவே இவ்வுரையின் பொருள்.

முதலிற் சொல்லை நோக்குவோம். இலத்தீனில் கண்ணீருக்கு 'லாக்ரிமா' என்று பெயர். அதன் மிகப் பழைய வடிவம் 'தாக்ருமா' என்பது. கிரேக்கத்தில் 'தாக்ரு' என்பதும், ஆங்கிலத்தில் 'டியர்' என்பதும் அதன் உடன்பிறப்புக்களே. மருத்துவர் இன்றும் கண்ணீர்ச் சுரப்பியை அவ்விலத்தீன் சொல்லின் அடியாகவே குறிக்கின்றனர். தமிழோ இவ்வகையில் தனிவழி செல்கின்றது. கண்ணீர் என்பது கண்ணின் நீர். பெயரிலேயே பிறப்பிடம் இருக்கின்றது. எவருடைய கண், எவர்பொருட்டு நீர் என்ற வினாவையும் அச்சொல் உடனே எழுப்பிவிடுகின்றது. இலத்தீன் தொடர்களை விளங்கிக்கொள்வதற்கு இவ்வினாவே திறவுகோலாகும்.

உரோமரிடையே கண்ணீரைப் பற்றிப் பழமொழியாகிவிட்ட தொடர்களுள் பழையது, கி.மு. 166 ஆம் ஆண்டில் அரங்கேறிய நகைச்சுவை நாடகமொன்றில் உள்ளது. 'ஆந்திரோசுப் பெண்' என்ற அந்நாடகத்தை எழுதியவர் தெரென்சு. ஆபிரிக்கக் கரையினின்று அடிமையாக உரோமுக்குக் கொண்டுவரப்பட்டு, கல்வியும் விடுதலையும் பெற்றுப் புலவரானவர் அவர் என்பது பழைய வரலாறு. நாடகத்தில் சீமோ என்ற தந்தை தன் மகனைப் பற்றிக் கூறுகின்றார். அயலில் வாழ்ந்த ஒருத்தி இறந்துவிட, அவளது இறுதிச் சடங்கில் மகன் கண்ணீர் வடிக்கின்றான். 'சிறிதே அறிந்த ஒருத்திக்காக இவ்வளவு உருகுகின்றானே, நாளை எனக்காக எவ்வளவு உருகுவான்!' என்று தந்தை உள்ளம் பூரிக்கின்றார். சவ ஊர்வலம் செல்கின்றது. அதில் ஓர் அழகிய இளம்பெண்ணைக் காண்கின்றார். இறந்தவளின் தங்கை என்கின்றனர். உடனே தந்தைக்கு எல்லாம் விளங்கிவிடுகின்றது. 'இதனாற்றான் அந்தக் கண்ணீர்!' என்று பொருள்படும் மூன்று சொற்களை அவர் கூறுகின்றார். 'ஹிங்க் இல்லே லாக்ரிமே' என்பன அச்சொற்கள்.

அவ்வளவுதான். ஆயினும், நூறு ஆண்டுகளுக்குப் பின் சிசெரோ என்னும் நாவலர் நீதிமன்றத்தில் அதனைக் கையாண்டார். ஹொரேசு என்னும் புலவரும் தம் கவிதை மடலில் எடுத்தாண்டார். பின்னர் ஐரோப்பிய மொழிகள் பலவற்றிலும் எழுத்தாளர் அதனை இலத்தீனிலேயே வழங்கலாயினர். ஒருவர் காட்டும் துயரத்துக்குப் பின்னால் வேறொரு காரணம் ஒளிந்திருப்பது வெளிப்படும்போது, அந்த மூன்று சொற்கள் போதும்.

தமிழர்க்கு இது புதிய அனுபவமன்று. ஆடு நனைகின்றதென்று ஓநாய் அழுத கதையை நாம் அறிவோம். பழையனூர் நீலியை அறிவோம். இடுப்பிற் குழந்தையுடன் சபையோர் முன் நின்று அழுது, வணிகனைத் தன் கணவனென நம்பவைத்து, அவன் உயிரை வாங்கிய பேயின் கண்ணீரே 'நீலிக் கண்ணீர்' ஆயிற்று. இவ்வளவு அருமையான சொல் இருக்கவும், 'முதலைக் கண்ணீர்' என்று நாம் சொல்லப் பழகிக்கொண்டோம். முதலை விழுங்கும்போது அழும் என்ற நம்பிக்கை மேனாட்டு விலங்குக் கதைகளிற் பரவியது. இலத்தீனிற் பழமொழிகளைத் தொகுத்த எராஸ்முசு அதனையும் சேர்த்துக்கொண்டார். நம் ஆறுகளில் முதலைகள் எந்நாளும் இருந்தன. அவற்றின் கண்ணீர்தான் கப்பலேறி வந்தது.

எனினும், தெரென்சின் இளைஞனை நீலியோடு சேர்த்துவிடுதல் நீதியாகாது. அவன் கண்ணீர் பொய்யன்று. பிறருக்காகச் சிந்துவதாகத் தோன்றிய கண்ணீரில் தனக்காகச் சிந்தியதும் கலந்திருந்தது என்பதே செய்தி. நம் நாட்டு மரண வீடுகளில் ஒப்பாரி சொல்ல அமரும் பெண்களைக் கேட்டவர்க்கு இது விளங்கும். வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு அழும் ஒருத்தி இறந்தவரைப் பாடித் தொடங்குவாள். இரண்டு அடி செல்லுமுன் தன் தாயையோ, கடலுக்குப் போய்த் திரும்பாத தமையனையோ பாடிக்கொண்டிருப்பாள். அதனை எவரும் குறை கூறுவதில்லை.

இனி, இலத்தீன் துயர மொழிகளுள் தலையாயது என்று எல்லோரும் ஒப்பும் தொடருக்கு வருவோம். 'லாக்ரிமே ரேரும்' என்பது அது. இரண்டே சொற்கள். கி.மு. 70 முதல் 19 வரை வாழ்ந்த வேர்ஜில் என்னும் மகாகவி இயற்றிய 'ஈனிட்' காப்பியத்தின் முதற் காண்டத்தில் வருகின்றது. திரோய் நகரம் எரிந்தழிந்தபின், தப்பிய சிலரோடு கடலில் அலைந்த ஈனியாசு, புயலில் அகப்பட்டு ஆபிரிக்கக் கரையில் ஒதுங்குகின்றான். அங்கே கார்த்தேஜ் என்னும் புதிய நகரம் கட்டப்பட்டுக்கொண்டிருக்கின்றது. அறிமுகமற்ற ஊர், பகைவரோ நண்பரோ தெரியாது. யூனோ தேவியின் கோவிலுள் நுழைகின்றான். சுவர்களிலே சித்திரங்கள். நெருங்கிப் பார்க்கின்றான், தான் பங்குகொண்ட போரே தீட்டப்பட்டிருக்கின்றது. இறந்த தோழரும், மகனின் உடலுக்காகப் பகைவனிடம் கையேந்திய முதிய மன்னனும் அச்சுவரில் இருக்கின்றனர். அவ்விடத்தே கண்ணீர் மல்கத் தன் நண்பனிடம் அவன் கூறும் மொழியில் இத்தொடர் அமைந்துள்ளது.

இதன் பொருள் யாது? ஈராயிரம் ஆண்டுகளாக அறிஞர் வாதிடுகின்றனர். வாதம் முழுவதும் ஒரு வேற்றுமை உருபைப் பற்றியதே. 'ரேரும்' என்பது பொருள், நிகழ்ச்சி, செயல், நிலைமை ஆகிய அனைத்தையும் குறிக்கும் 'ரேசு' என்ற சொல்லின் ஆறாம் வேற்றுமைப் பன்மை. ஆதலின் 'பொருள்களின் கண்ணீர்' என்பது நேர்ப்பொருள். ஆனால் அது பொருள்கள் சிந்தும் கண்ணீரா, பொருள்களுக்காகச் சிந்தும் கண்ணீரா?

இலக்கணம் கற்ற தமிழர்க்கு இதிலுள்ள சிக்கல் எளிதில் விளங்கும். 'தாயன்பு' என்கின்றோம். தாய் காட்டும் அன்பா, தாயிடத்துக் காட்டும் அன்பா? உருபு மறைந்து தொகையாய் நிற்பதால் இரண்டும் கொள்ளலாம். இடம் நோக்கியே துணிதல் வேண்டும். உரோமரின் ஆறாம் வேற்றுமை உருபு வெளிப்பட்டு நின்றும், நம் தொகையைப் போலவே இருபொருட்கு இடந்தருகின்றது. முதற்பொருளைக் கொண்டோர் உலகமே துயரமயமானது என்னும் ஆழ்ந்த சோகக் கருத்தை இத்தொடரிற் கண்டனர். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பியக் கவிஞர்களுக்கு இப்பொருள் மிகவும் உவப்பாயிருந்தது. தனியே எடுத்து வழங்கும்போது இன்றும் பெரும்பாலோர் இப்பொருளிலேயே வழங்குகின்றனர்.

ஆனால் இடத்தை நோக்கினால் மற்றப் பொருளே பொருந்துகின்றது. ஈனியாசு அந்நிய நாட்டில் நிற்பவன். இங்குள்ளோர் எத்தகையவரோ என்று அஞ்சியவன். சுவரிலுள்ள சித்திரம் அவனுக்கு ஒன்றைத் தெரிவிக்கின்றது: இந்த ஊராருக்கும் பிறர் துயரம் தெரியும், மனிதர்க்கு நேர்ந்ததைக் கேட்டு இங்கும் கண்ணீர் சிந்துவர். தொடரைச் சொல்லிய மறுகணமே நண்பனை நோக்கி 'அச்சம் விடு' என்றுதான் அவன் கூறுகின்றான். ஆகவே, பலர் விரக்தியின் உச்சமென எண்ணும் இத்தொடர், பிறந்த இடத்தில் ஓர் அகதிக்குக் கிடைத்த முதல் ஆறுதல் ஆகும். இவ்வேறுபாடு சிறிதன்று. கலவரத்தினால் வீடிழந்து வேற்றூரில் ஒதுங்கியவர்கள் நிறைந்த நம் நாட்டில், 1983 ஆம் ஆண்டை நினைவிற் கொண்டோர் இருக்கும்வரையில், இவ்விரண்டாம் பொருளுக்கு விளக்கம் வேண்டுவதில்லை.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அழுகைக்கு நான்கு நிலைக்களன்கள் கூறுவர். இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பன அவை. இகழப்படுதலும், உற்றாரையும் உடைமையையும் இழத்தலும், பண்டைய நிலை கெட்டுத் தாழ்தலும், இல்லாமையும் என அவற்றைச் சுருக்கிச் சொல்லலாம். திரோய் நகரின் வீழ்ச்சியைச் சுவரிற் கண்டவனின் கண்ணீர் 'அசைவு' பற்றியது என்று நம் உரையாசிரியர் எவரும் தயங்காது வகைப்படுத்தியிருப்பர். இன்னும் ஒன்று. தன் துயரத்தால் அழுதலும் பிறர் துயரங்கண்டு அழுதலும் என அழுகை இருவகைப்படும் எனவும், முன்னது அவலம், பின்னது கருணை எனவும் பேராசிரியர் பிரித்துரைப்பர். இலத்தீன் ஆறாம் வேற்றுமை பிரிக்காது விட்டதைத் தமிழ் உரையாசிரியர் பிரித்துக் காட்டினார் எனலாம். ஈனியாசு சுவர் முன் நின்று சிந்தியது அவலம்; அச்சித்திரத்தைத் தீட்டிய கார்த்தேஜ் மக்களிடம் அவன் கண்டது கருணை.

இவ்விரு இலக்கியங்களையும் ஒருங்கே கற்று ஒப்புநோக்கியவர் இலங்கையிலேயே தோன்றினார். 1913 இல் பிறந்த சேவியர் தனிநாயகம் அடிகள், கொழும்புப் புனித பெர்னாட் குருமடத்திலும், 1934 முதல் உரோம் நகரிலும் பயின்றவர். இலத்தீனில் ஆழ்ந்த பின்னரே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிலக்கியத்தை முறையாகக் கற்றார். சங்கப் பாடல்களின் இயற்கைக் காட்சிகளைக் கிரேக்க, இலத்தீன் புலவரின் காட்சிகளோடு அவர் வைத்து நோக்கிய நூல் 1950களின் தொடக்கத்தில் வெளிவந்தது. வேர்ஜிலைப் படித்த கண்ணே குறிஞ்சியையும் நெய்தலையும் படித்தது.

இனிக் கண்ணீர்க் கணவாய்க்குத் திரும்புவோம். இதன் மூலம் 'சால்வே ரெஜீனா' என்னும் இலத்தீன் கீதம். பதினோராம் நூற்றாண்டினதென்று கருதப்படுவது; கைகால் முடமாயிருந்தும் வானநூலும் இசையும் வல்லவராய் விளங்கிய ஹெர்மன் என்ற செர்மானியத் துறவி இயற்றினார் என்பது செவிவழிச் செய்தி. கப்பலோட்டிகள் மாலையில் மேற்றட்டில் நின்று பாடிய பாட்டு இது. அதில் 'லாக்ரிமாரும் வால்லே' என்று வருகின்றது: கண்ணீரின் பள்ளத்தாக்கு.

அத்தொடரும் அக்கீதத்தாருடைய சொந்தப் படைப்பன்று. எபிரேய மொழியிலுள்ள திருப்பாடல்களுள், எருசலேமுக்கு யாத்திரை செல்வோரைப் பற்றிய 84 ஆம் பாடலில் 'பாக்கா' என்னும் பள்ளத்தாக்குக் குறிக்கப்படுகின்றது. பாக்கா என்பது ஒருவகை மரத்தின் பெயர் போலும். ஆனால் அழுகையைக் குறிக்கும் எபிரேயச் சொல்லும் அதே ஒலியுடையது. பாடலைக் கிரேக்கத்தில் பெயர்த்தோர் மரத்தை விட்டு அழுகையைப் பற்றிக்கொண்டனர். கிரேக்கத்தைத் தழுவித் திருத்திய புனித எரோணிமுசு, நான்காம் நூற்றாண்டின் இறுதியில் அதனை இலத்தீனிற் கண்ணீர்ப் பள்ளத்தாக்காக நிலைநிறுத்தினார். மரமொன்றின் பெயர் இவ்வாறு மனித வாழ்வின் பெயராயிற்று.

தமிழுக்கு இது வந்த காலம் வியப்பளிப்பது. 1542 இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித பிரான்சிசு சவேரியார், தமிழும் போர்த்துக்கேயமும் அறிந்த உள்ளூர் மக்களைத் துணைக்கொண்டு, பல நாள் உழைத்து முக்கிய செபங்களைத் தமிழாக்கினார். 1544 ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அவர் ஐரோப்பாவுக்கு எழுதிய புகழ்பெற்ற கடிதத்தில் அச்செபங்களின் பட்டியல் உள்ளது. அதில் 'சால்வே ரெஜீனா' இடம்பெறுகின்றது. ஐரோப்பிய மொழிச் செய்யுளொன்று தமிழிற் பெயர்ந்த மிகப் பழைய நிகழ்ச்சிகளுள் இது ஒன்று. தமிழ் எழுத்தில் முதல் நூலான 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் அச்சேறியது 1578 இல். அதற்கு ஒரு தலைமுறைக்கு முன்னரே இச்செபம் கடற்கரைச் சிறுவர் வாயில் ஒலித்தது. அக்கரையிலிருந்து வந்து கொழும்பிலும் வத்தளையிலும் நீர்கொழும்பிலும் குடியேறிய பரதகுல மக்கள் தம் செபங்களையும் உடன்கொண்டு வந்தனர்.

அச்செபம் பலமுறை திருத்தப்பட்டு இன்றைய வடிவை எய்தியது. எவர் கையினால் 'வால்லிசு' கணவாய் ஆயிற்று என்பதைவிட, எதனால் என்பதே சிந்திக்கத் தக்கது. சீர்திருத்தச் சபையாரின் விவிலியம் அதே இடத்தைப் பள்ளத்தாக்கு என்றே பெயர்த்தது. அகராதிக்கு அதுவே பொருந்தும். பள்ளத்தாக்கிலே வீடு கட்டலாம், வயல் செய்யலாம், பிறந்து வளர்ந்து மடியலாம். கணவாயில் அப்படியன்று. கண்டிக்குச் செல்வோர் கடுகண்ணாவைக் கணவாயைக் கடந்தே செல்வர். அங்கே தங்குவதற்கென்று செல்பவர் அரியர். கணவாய்க்கு இரு வாயில் உண்டு. எபிரேயப் பாடலில் யாத்திரிகர் அப்பள்ளத்தைக் கடந்து செல்பவராகவே காட்டப்படுகின்றனர். இலத்தீனில் அந்த நடை மறைந்து, அழுதுகொண்டு நிற்பவரே எஞ்சினர். தமிழாக்கியவர் அறிந்தோ அறியாமலோ தேர்ந்த சொல் அந்தப் பாதையை மீட்டுத் தந்தது. மொழிபெயர்ப்பில் இழப்பே நேரும் என்போர் இவ்வொரு சொல்லையேனும் விலக்காகக் கொள்ள வேண்டும்.

மற்றொரு சொல்லும் இவ்வாறே ஆராயத்தக்கது. சிலுவையடியில் நின்ற தாயைப் பாடும் 'ஸ்தாபாத் மாத்தேர்' என்ற இலத்தீன் பாடல் பதின்மூன்றாம் நூற்றாண்டினது. அதில் அத்தாய் 'தோலொரோசா' எனப்படுகின்றாள். இலத்தீனில் 'தோலோர்' என்பது உடல்நோவையும் மனநோவையும் ஒருங்கே குறிக்கும். இதனை எப்படித் தமிழிற் சொல்வது? பதினெட்டாம் நூற்றாண்டில் ஏறத்தாழ ஒரே காலத்தில் இருவர் இருவிதமாகச் சொன்னார்கள். இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் (1680–1747), தேம்பாவணி பாடிய அதே புலமையோடு, 'அன்னை அழுங்கல் அந்தாதி' என்று தம் நூலுக்குப் பெயரிட்டார். அழுங்கல் தூய தமிழ்ச் சொல், இலக்கியச் சொல். கோவாவின் திவார் தீவிற் பிறந்து, 1705 இல் இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வெசு அடிகள் (1676–1742) 'வியாகுலப் பிரசங்கம்' என்று பெயரிட்டார். வியாகுலம் வடசொல். கலக்கம், செய்வதறியாது தடுமாறுதல் என்பது அதன் மூலப்பொருள்.

அந்தாதியைப் புலவர் போற்றினர். பிரசங்கத்தை மக்கள் ஏற்றனர். ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டிருந்த காலம் அது. குருக்கள் மாறுவேடத்திலும் இரவிலும் ஊரூராகச் செல்ல வேண்டியிருந்தது. குரு இல்லாத ஊரிலும் தவக்காலத்தில் கூடியிருந்து வாசித்து அழுவதற்கு ஒரு நூல் வேண்டியிருந்தது. இயேசுவின் பாடுகளைத் தாயின் துயரோடு இணைத்துச் சொல்லும் அவ்வுரைநடை நூல், தனியான இராகத்தோடு இழுத்து வாசிக்கப்படுவது. மன்னார், யாழ்ப்பாணப் பகுதிக் கத்தோலிக்க ஊர்களில் தவக்காலத்தில் அதனைக் கேட்டு வளர்ந்தோர் பலர். அடிகள் சிங்களத்திலும் அதற்கு இணையான நூல் செய்தார். வத்தளையிலிருந்து வடக்கே செல்லும் கரையோரச் சிங்கள ஊர்களில் 'பசன்' என்று ஓதப்படுவது அம்மரபே. பசன் என்ற பெயரும், பாடுகளைக் குறிக்கும் 'பாஸ்சியோ' என்ற இலத்தீன் சொல் போர்த்துக்கேய வாயினூடாக வந்த வடிவமாகும். ஒரே வீதியில் இரு மொழியார் ஒரே மனிதர் எழுதிய துயரத்தை அவரவர் மொழியில் அழுது வந்திருக்கின்றனர்.

வியாகுலம் என்பது தோலோரின் சரியான மொழிபெயர்ப்பா? கண்டிப்பான அகராதிக்காரர் ஒப்பமாட்டார். ஆனால் மகனின் உடலை மடியில் ஏந்திய தாய்க்கு நோவு மட்டுமா இருந்திருக்கும்? சொல் வேரூன்றிவிட்டது. வியாகுல மாதா என்ற பெயரில் கோவில்கள் எழுந்தன. ஆணுக்கு வியாகுலம் என்றும், பெண்ணுக்கு வியாகுலமேரி என்றும் பெயரிட்டனர். துயரத்தையே பிள்ளைக்குப் பெயராகச் சூட்டும் துணிவு எல்லாச் சமூகத்துக்கும் வாய்ப்பதில்லை. அண்மைக்காலத் தமிழாக்கங்கள் 'துயருறு அன்னை' போன்ற தெளிந்த தமிழை நாடுகின்றன. அது நல்லதே. எனினும், சுரூபத்தின் முன் முழந்தாளிடும் முதியவள் வியாகுலத்தை விட்டுத் துயரத்துக்கு மாறுவாளென்று எதிர்பார்ப்பது வீண்.

இறந்தோருக்கான பூசையிலுள்ள 'ரெக்குவியெம்' என்ற சொல்லுக்கு அமைதி, ஓய்வு என்பது பொருள். கல்லறைகளிற் பொறிக்கப்படும் மூன்று இலத்தீன் எழுத்துக்களின் முதற்சொல்லும் அதே வேரினது. தமிழ்ச் செபம் இதனை 'நித்திய இளைப்பாற்றி' என்கின்றது. ஓய்வு என்று சொல்லியிருந்தால் வேலை நின்றது என்று மட்டுமே ஆகும். இளைப்பாற்றுதல் என்றால், நெடுவழி நடந்தவனின் களைப்பைத் தணித்தல். ஆற்றுதலிலே குளிர்ச்சியும் இருக்கின்றது. கணவாயைக் கடந்தவனுக்கு ஏற்ற சொல்.

அப்பூசையில் 'தீயெஸ் இரே' என்ற நெடும்பாடலொன்றும் பாடப்பட்டது. அதன் முடிவுப் பகுதி 'லாக்ரிமோசா' என்று தொடங்கும்: கண்ணீர் நிறைந்த அந்த நாள். 1791 இல் மொசார்ட் தம் இறுதிப் படைப்பில் அவ்விடத்துக்கு இசையமைக்கத் தொடங்கி, எட்டு அடவுகளோடு நிறுத்தினார், மரணம் முந்திக்கொண்டது. கொட்டாஞ்சேனைப் புனித லூசியாள் பேராலயத்திலும் மற்றெல்லாக் கோவில்களிலும் 1960கள் வரையில் இறந்தோர் பூசை இலத்தீனிலேயே நடைபெற்றது. (பார்வையின் பாதுகாவலியென மதிக்கப்படும் புனிதையின் பேரால் அப்பேராலயம் விளங்குவதும் இவ்வுரைக்குப் பொருத்தமே.) 1963 டிசம்பர் 4 ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டிற் சுதேச மொழிகளுக்கு வாயில் திறந்தது. 1969 இன் புதிய அடக்கச் சடங்கில் 'தீயெஸ் இரே' இல்லை. அச்சமூட்டும் பாடலினும் நம்பிக்கை தரும் பாடலே வேண்டுமெனக் கருதினர். 'ஸ்தாபாத் மாத்தேர்' மட்டும் செப்டெம்பர் 15 ஆம் நாளுக்குரிய விருப்பப் பாடலாக எஞ்சியது.

வேர்ஜிலின் தொடரோ திருச்சபையின் ஏட்டிலும் இடம்பிடித்தது. மறைந்த திருத்தந்தை பிரான்சிசு, பெருந்தொற்று உலகை வாட்டிய 2020 ஆம் ஆண்டு ஒக்டோபரில் விடுத்த சுற்றுமடலில் அதனை நினைவுகூர்ந்தார். கிறித்துவுக்கு முன் இறந்த கவிஞனின் சொல் அது.

கொழும்பில் அதற்கு முந்திய ஆண்டிலேயே எல்லாச் சொற்களும் சோதனைக்குள்ளாயின. 2019 ஏப்பிரல் 21 ஆம் நாள், உயிர்த்த ஞாயிறு காலையில், கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் திருத்தலத்திலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டியிலும், மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலும், கொழும்பு விடுதிகளிலும் குண்டுகள் வெடித்தன. 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுட் தமிழரும் சிங்களவரும் வெளிநாட்டவரும் இருந்தனர். தவக்காலம் முடிந்து, வியாகுலத்தை மடித்து வைத்துவிட்டு, மகிழ்ச்சிக்கென்றே குறித்த நாள் அது. அந்நாளின் பூசைக்கு ஆயத்தம் செய்த எவரும் துயரப் பாட்டைத் தேர்ந்திருக்க மாட்டார்.

அடுத்த ஞாயிறன்று பாதுகாப்புக் கருதிப் பொதுப் பூசைகள் நிறுத்தப்பட்டன; கொழும்புப் பேராயர் நிறைவேற்றிய பூசையை மக்கள் தொலைக்காட்சியிற் கண்டனர். திருத்தலத்தின் கதவுகள் அடைபட்டிருந்தன. ஆயினும் கொச்சிக்கடை வீதியில் மக்கள் மெழுகுதிரி ஏந்திக் கூடினர். இறந்தோரின் உறவினரும் இருந்தனர்; எவரையும் இழவாதோரும் இருந்தனர்; வேற்று மதத்தாரும் இருந்தனர். அவலத்தால் அழுதவர் யார், கருணையால் அழுதவர் யார் என்று அன்று பேராசிரியராலும் பிரித்திருக்க முடியாது. திருத்தலம் திருத்தப்பெற்று 2019 ஜூன் 12 ஆம் நாள், அந்தோனியார் திருநாளுக்கு முந்திய மாலையில், மீண்டும் திறக்கப்பட்டது.